தானியம் தின்ற ஆட்டுக்கு மோர் ஊற்றலாமா?

கரிசல் காட்டில் தை, மாசி மாதங்கள் மானாவாரி மக்காச்சோளம் ஒடிக்கும் காலம். ஒடித்த காட்டில் ஆடுகளை மேய விடுவதும், கதிர்களைக் களத்திலும் வீட்டு முற்றத்திலும் காயப்போடுவதும் விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பகுதிகளில் வழக்கம். சிந்திய கதிரை வயிறு முட்டத் தின்றுவிட்டு ஆடுகள் சாவதும் இந்தச் சமயத்தில்தான். சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் இன்னொரு சங்கடமும் உண்டு. காலையில் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் மாலையில்தான் வீடு திரும்புகிறார்கள். கயிற்றை அறுத்துக்கொண்ட கன்னி ஆடு மூட்டையில் வாய் வைத்தது எந்நேரம் என்று சொல்ல ஆள் இருப்பதில்லை.

ஆடு வயிறு பொருமி நின்றால் பலரும் முதலில் எடுப்பது மோர்ச் செம்பைத்தான். மோரிலும் தயிரிலும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் இருப்பது உண்மையே. புரோபயாடிக் என்று மருந்துக் கடையில் விற்பதும் இவ்வகை உயிர்கள்தான். ஆனால் எந்த வயிற்றுக்கு எதைக் கொடுப்பது என்று பார்க்க வேண்டும்.

நாய், பூனை ஆகியவற்றுக்கு ஒற்றை வயிறு. பால்குடி மாறாத ஆட்டுக் குட்டிக்கும் ஏறக்குறைய அப்படித்தான். குடித்த பால் அசையூண் இரைப்பைக்குள் போகாமல் நேரே நான்காவது இரைப்பைக்குப் போய்விடும். இவற்றுக்கு லேசான கழிச்சல் கண்டால் புளிக்காத தயிர் சிறிது கொடுப்பதில் தவறில்லை. குட்டிக்கு அதைவிட முக்கியம், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் குடித்திருப்பது.

வளர்ந்த ஆட்டின் சங்கதி வேறு. அதன் அசையூண் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருந்து நார்த் தீவனத்தைச் செரிக்கச் செய்கின்றன. ஒரேயடியாகத் தானியம் உள்ளே போனால், மாவுச்சத்தைத் தின்னும் சில வகைகள் மட்டும் பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. பாலைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். புளிப்பு ஏற ஏற நார் செரிக்கும் உயிர்கள் மடிகின்றன. உடம்பிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு ஆடு வற்றிப் போகிறது. ஏற்கெனவே புளித்துக் கிடக்கும் வயிற்றில் மோரை ஊற்றுவது புளிப்பின் மேல் புளிப்புச் சேர்ப்பதாகும். பழக்கமில்லாத 20 கிலோ ஆட்டுக்குச் சுமார் ஒரு கிலோ தானியமே உயிருக்கு ஆபத்து. மாவாக இருந்தால் இன்னும் விரைவு.

அசை போடாமல் நிற்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, இடது வயிற்றை அழுத்தினால் தண்ணீர்ப் பைபோல் தளும்புவது, புளித்த வாடையுடன் கழிவது, தள்ளாடுவது ஆகியவை அறிகுறிகள். தின்ற 12 முதல் 24 மணி நேரத்தில் இவை தெரியும். அதுவரை காத்திருக்கக் கூடாது. தின்றது தெரிந்தவுடனே சமையல் சோடாவை, எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம், வெதுவெதுப்பான அரை லிட்டர் நீரில் கரைத்துப் புகட்டுங்கள். 20 கிலோ ஆட்டுக்கு நான்கு தேக்கரண்டி. சலவைச் சோடாவை எடுத்துவிடாதீர்கள். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலில் இறங்கிவிடும். தலையைச் சமமாக வைத்து, கடைவாயில் சிறிது சிறிதாக விடுங்கள். அன்று தானியம் கூடாது, உலர்ந்த தட்டை மட்டும் போதும். ஆடு படுத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பலிக்காது. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து கால்நடை மருத்துவ ஊர்தியை அழையுங்கள்.

புளிப்பு அடங்கிய பிறகு நல்ல உயிர்களைத் திரும்பக் குடியேற்ற வேண்டும். அசை போடும் நல்ல ஆட்டின் வாயிலிருந்து அசையைப் பிடுங்கி, நலிந்த ஆட்டுக்குக் கொடுக்கும் பழைய முறையைச் சிலர் சிரிப்பார்கள். கால்நடை மருத்துவர்கள் செய்வதும் அதன் பெரிய வடிவம்தான். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் அறுக்கும் நோயற்ற ஆட்டின் இரைப்பைச் சாற்றைச் சூடு ஆறுமுன் துணியில் வடிகட்டி, அரை லிட்டர் அளவு புகட்டலாம். ஆறவிட்டாலோ கொதிக்கவைத்தாலோ அந்த உயிர்கள் பிழைக்கா. ஊரில் ஆட்டுக்கொல்லி நோய் இருக்கும்போது வேற்று ஆட்டின் சாறு வேண்டவே வேண்டாம். தோன்றியபடி டெட்ராசைக்ளின் மாத்திரை கொடுப்பதும் கெடுதல். மிஞ்சிய நல்ல உயிர்களையும் அது அழிக்கும்.

கடையில் கிடைக்கும் ஈஸ்ட் தூள் நல்ல சரக்குதான். ஆனால் அது வருமுன் காக்க உதவும், வந்தபின் தீர்க்காது. குட்டியைக் கொழுக்க வைக்கத் தானியம் கொடுப்பவர்கள் கைப்பிடி அளவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டினால் அந்தச் செலவும் மிச்சம்.

தானியமும் இளம்புல்லும் மிகுதியாகத் தின்ற ஆடு திடீரென்று துள்ளி விழுந்து செத்தால் அது துள்ளுமாரி நோயாகவும் இருக்கலாம். அதற்குச் சோடாவும் அசையும் பயன்படா. மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.