மீட்டர் விளக்கை எண்ணி வாட் கண்டுபிடிப்பது எப்படி?

மிக்ஸி 750 வாட், ஃபேன் 75 வாட். ஈ.பி. பில்லை அதிகம் ஏற்றுவது எது? பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் மிக்ஸி என்றுதான் பதில் வரும். ஆனால் சட்னி அரைக்க மிக்ஸி ஓடுவது நாளுக்கு ஐந்து நிமிடம். ஃபேனோ இரவெல்லாம் பத்து மணி நேரம் சுற்றுகிறது. பெருக்கிப் பாருங்கள்: மிக்ஸி எடுத்ததைப் போல 12 மடங்கு மின்சாரத்தை ஃபேன் எடுத்திருக்கும்.

வாட் என்பது மின்திறன். ஆற்றல் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பதைச் சொல்லும். யூனிட் என்பது மின்னாற்றல். மொத்தம் எவ்வளவு செலவானது என்பதைச் சொல்லும். இந்த இரண்டும் பலருக்குத் தேர்வு எழுதி முடித்த பிறகும் குழம்பியேதான் கிடக்கின்றன. குழப்பம் தீர ஆய்வுக்கூடம் வேண்டாம், வீட்டுச் சுவரில் இருக்கும் மீட்டரே போதும்.

தொடங்குமுன் நான்கு சொற்கள். மின்னூட்டத்தைக் கம்பி வழியே தள்ளுவது மின்னழுத்தம், அளவு வோல்ட். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். வினாடிக்கு எவ்வளவு மின்னூட்டம் பாய்கிறது என்பது மின்னோட்டம், அளவு ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட். வாட்டை நேரத்தால் பெருக்கினால் ஆற்றல். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதாவது 36 லட்சம் ஜூல். 50 கிலோ அரிசி மூட்டையை ஏழு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் அது. அதை நாம் சில ரூபாய்க்கு வாங்குகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரம் 'தீர்ந்துவிட்டது' என்று நாம் பேசினாலும் எலக்ட்ரான்கள் எங்கும் தீர்ந்துபோவதில்லை. ஃபேனுக்குள் ஒரு கம்பி வழியே எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ, அவ்வளவும் மறு கம்பி வழியே திரும்புகிறது. நமக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம் என்பதால் எலக்ட்ரான்கள் நெடுந்தூரம் பயணம் போவதும் இல்லை. வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைந்தபடி இருக்கின்றன, அவ்வளவுதான். நாம் காசு கொடுப்பது அவற்றுக்கு அல்ல, அவை கொண்டுவந்து கொடுக்கும் ஆற்றலுக்கு.

இனி வேலைக்கு வருவோம். தேவையானவை ஒரு நோட்டு, பேனா, ஸ்டாப்வாட்ச் உள்ள செல்போன், கூட ஒரு பெரியவர். மீட்டரை எட்ட நின்று பார்ப்பதோடு சரி. மூடியையோ சீலையோ வயரையோ தொடக் கூடாது. ஈரக் கையோடு எந்த சுவிட்சுக்கும் போகாதீர்கள்.

முதலில் மீட்டரைப் படியுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் கீழே வரிசையாக உள்ள மீட்டர்களில் உங்களுடையது எது என்பதை சர்வீஸ் நம்பரை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மீட்டரை எண்ணினால் எல்லாக் கணக்கும் வீண். டிஜிட்டல் மீட்டரின் திரையில் தேதி, நேரம், யூனிட் என்று மாறி மாறி வரும். யூனிட்டைக் குறிக்கும் 'கே.டபிள்யூ.எச்.' என்று காட்டும் எண்ணை, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பதிவதும் இந்த எண்ணைத்தான்.

அடுத்து, மீட்டரின் முகப்பில் 'இம்ப்/கே.டபிள்யூ.எச்.' என்று அச்சிட்ட இடத்தைத் தேடுங்கள். பக்கத்தில் 3200 அல்லது 1600 போல ஓர் எண் இருக்கும். முகப்பில் சிமிட்டும் சிறிய சிவப்பு விளக்கு, ஒரு யூனிட் செலவாவதற்குள் எத்தனை முறை சிமிட்டும் என்பதே அந்த எண். 3200 என்றால் ஒரு சிமிட்டலுக்கு 36,00,000 ÷ 3200 = 1125 ஜூல். பழைய மீட்டராக இருந்தால் விளக்குக்குப் பதில் அலுமினியத் தட்டு சுற்றும். யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்பது அதன் மேல் இருக்கும், சிமிட்டலுக்குப் பதில் சுற்றை எண்ணலாம்.

பிறகு வீட்டை அமைதியாக்குங்கள். விளக்கு, ஃபேன், டி.வி. எல்லாவற்றையும் சுவிட்சில் நிறுத்துங்கள். ரிமோட்டில் நிறுத்திய டி.வி. முழுதாக நின்றதாகாது. ஃபிரிட்ஜைச் சில நிமிடங்கள் மட்டும் நிறுத்தலாம். பலர் மறப்பது இன்வெர்ட்டரை. நீங்கள் எதையும் போடாமலேயே அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். இவ்வளவுக்கும் பிறகு விளக்கு சிமிட்டினால் எங்கோ ஏதோ ஓடுகிறது என்று பொருள். கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை: அதன் வாட்டைத் தனியே அளந்து வைத்துக்கொண்டு, பின்னால் வரும் ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்துவிடலாம். சில மீட்டர்களில் எதுவுமே ஓடாதபோது விளக்கு அணையாமல் நிலையாக எரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இப்போது ஒரே ஒரு கருவியைப் போட்டு அளவெடுங்கள். அயர்ன் பாக்ஸ் நல்ல தொடக்கம், பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். விளக்கு ஒருமுறை சிமிட்டும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி 'பூஜ்யம்' என்று சொல்லுங்கள். அடுத்த சிமிட்டலுக்கு ஒன்று, அதற்கடுத்து இரண்டு. பத்து வந்ததும் நிறுத்துங்கள். முதல் சிமிட்டலையே ஒன்று என எண்ணினால் ஒன்பது இடைவெளியைப் பத்து என்று கணக்கிடுவீர்கள். விடை பத்து சதவீதத்துக்கும் மேல் தவறிவிடும்.

சூத்திரம் இது:

வாட் = (36,00,000 × சிமிட்டல்கள்) ÷ (மீட்டர் எண் × வினாடிகள்)

மீட்டர் எண் 3200, பத்து சிமிட்டலுக்கு 11.4 வினாடி என்று வைத்துக்கொள்வோம். 11,250 ÷ 11.4 = 987 வாட். அயர்ன் பாக்ஸ் போதுமான அளவு சூடானதும் அதன் விளக்கு அணையும். அதே நொடி மீட்டரின் வேகமும் விழும். தெர்மோஸ்டாட் வேலை செய்வதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. அது அணைவதற்குள் அளவெடுத்துவிடுங்கள்.

ஃபேனுக்குப் பொறுமை வேண்டும். 75 வாட் என்றால் 15 வினாடிக்கு ஒரு சிமிட்டல்தான். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். வீட்டிலுள்ள எல்லா பல்பையும் ஒன்றாகப் போட்டு எண்ணிக்கையால் வகுப்பது மேல்.

வந்த விடை கருவியில் அச்சிட்ட வாட்டோடு ஒத்துப்போகவில்லையா? கோபம் வேண்டாம். அச்சிட்டிருப்பது 230 வோல்ட்டுக்கான கணக்கு. சூடாக்கும் கருவிகளில் மின்தடை ஏறக்குறைய மாறாது; அழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும், எனவே வாட் இரட்டிப்பாக அடிவாங்கும். 200 வோல்ட்டே வரும் மாலையில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 756 வாட் அளவில்தான் வேலை செய்யும். சட்டை மடிப்பு நிற்காததற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

வாட் கிடைத்துவிட்டால் ஆம்பியர் எளிது. 987-ஐ 230-ஆல் வகுத்தால் 4.3 ஆம்பியர். சின்ன பிளக் பாயின்ட் தாங்குவது 6 ஆம்பியர், அதாவது 1380 வாட். 2000 வாட் கீசருக்கு 8.7 ஆம்பியர் வேண்டும். அதனால்தான் அதற்கு 16 ஆம்பியர் பெரிய பாயின்ட். அடாப்டர் வைத்துச் சின்ன பாயின்ட்டில் செருகினால் கம்பியும் பிளக்கும் சூடாகும். தீ விபத்துகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

கடைசியாக யூனிட். வாட்டை ஒரு நாளில் ஓடும் மணி நேரத்தாலும், பில் காலமான 60 நாளாலும் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடும் 75 வாட் ஃபேனுக்கு 45 யூனிட். அதே நேரம் ஓடும், மின்சாரம் குறைவாக எடுக்கும் பி.எல்.டி.சி. வகை 28 வாட் ஃபேனுக்கு 16.8. அரை மணி நேர கீசருக்கு 60. ஐந்து நிமிட மிக்ஸிக்கு 3.75. யாரும் கவனிக்காத வைஃபை பெட்டி 10 வாட்தான், ஆனால் இரவு பகலாக ஓடுவதால் 14.4 யூனிட், மிக்ஸியைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு. தமிழ்நாட்டில் 2016-இல் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்று வந்தபோது எத்தனையோ வீடுகள் அந்தக் கோட்டுக்குள் நிற்கப் பார்த்தன. எதைக் குறைத்தால் நிற்கலாம் என்பதற்கு ஊகத்தைவிட இந்தப் பட்டியல் உதவும்.

ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃபேனை 1-ல் வைத்து ஒருமுறையும் 5-ல் வைத்து ஒருமுறையும் அளந்து பாருங்கள். பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர், வேகத்தைக் குறைப்பதற்காக மின்சாரத்தில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடிக்கும். வேகம் குறைந்த அளவுக்கு வாட் குறையாது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் குறைவது நன்றாகவே தெரியும். எது உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதை எலக்ட்ரீஷியனைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

ஃபிரிட்ஜ் மட்டும் இந்த முறைக்கு அடங்காது. அதன் கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடுவதால் ஒரு நிமிடச் சிமிட்டலை வைத்து நாள் கணக்குச் சொல்ல முடியாது. அதற்கு வீட்டார் ஊருக்குப் போகும் நாள் வேண்டும். ஃபிரிட்ஜைத் தவிர மற்றதெல்லாம் நிறுத்தி, கிளம்பும்போது ஒருமுறையும் திரும்பியதும் ஒருமுறையும் மீட்டர் எண்ணைக் குறியுங்கள். வித்தியாசத்தை இடைப்பட்ட மணி நேரத்தால் வகுத்து 24-ஆல் பெருக்கினால், ஃபிரிட்ஜின் ஒரு நாள் யூனிட்.