ஊட்டிக்கு அருகில் என்று எழுதாதே

அன்புள்ள தம்பிக்கு,

கோத்தகிரியைப் பற்றிய உன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் வந்து சேர்ந்தது. ‘ஊட்டிக்கு அருகிலுள்ள சிறு நகரம்’ என்று தொடங்கியிருக்கிறாய். பொய்யில்லை, சாலை வழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் அந்தத் தொடக்கம் உன் ஏட்டையே ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. மேட்டுப்பாளையமும் கிட்டத்தட்ட அதே தொலைவுதான் என்பதைக் கவனித்தாயா? ஊட்டிக்குப் போக 450 மீட்டர் ஏற வேண்டும், மேட்டுப்பாளையத்துக்கு 1,450 மீட்டருக்குமேல் இறங்க வேண்டும். சமவெளியில் அண்டை ஊரைக் கிலோமீட்டர் காட்டிக்கொடுக்கும். மலையில் சரிவையும் காற்றையும், எந்த வேலைக்காகப் போகிறோம் என்பதையும் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் மழையைப் பார். ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் நடுவே 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் அதைத் தாண்டுகிறது. கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்குப் பெருமழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்குமேல் பெய்தது; அடி வாங்கியது மேற்குப் பக்கம். 2009 நவம்பரில் மண் சரிந்து 40 பேருக்குமேல் மாண்டபோது குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் சிதைந்தது. ஒரே மாவட்டம், ஆனால் ஆபத்துக்கு இரண்டு நாட்காட்டிகள். விழுந்த நீரும் ஒரே வழியில் போவதில்லை. வடக்குச் சரிவின் ஓடைகள் மாயாற்றைத் தேடுகின்றன, தெற்கிலும் கிழக்கிலும் இறங்குபவை கல்லாறு போன்றவற்றின் வழியே பவானிக்குப் போகின்றன. இரண்டும் மறுபடி சந்திப்பது கீழே பவானிசாகர் அணையில்.

‘மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஊட்டியில் இருக்கிறதே, அப்படியானால் இது ஊட்டியின் துணை நகரம்தானே?’ என்று உன் நெறியாளர் கேட்கக்கூடும். மனுக் கொடுக்க ஊட்டி, சரி. ஆனால் தேயிலைத் தூள் ஏலத்துக்குப் போவது குன்னூருக்கு. கேரட்டும் உருளைக்கிழங்கும் லாரி ஏறுவது மேட்டுப்பாளையம் மண்டிக்கு. காகிதம் ஏறுகிறது, காசுதரும் சரக்கு இறங்குகிறது. இதில் எதை வைத்து ஒரு நகரத்தை இன்னொன்றின் துணை என்பது? வரலாறும் உன் தொடருக்கு உதவாது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் வீடு கட்டியது கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்கில். ஊட்டியில் அவருடைய கல்வீடு எழுந்தது அதற்குப் பிறகு. மலைக்கு முதலில் போட்ட பாதையும் சிறுமுகையிலிருந்து இந்தப் பக்கமாகத்தான் ஏறியது. 1830களில் குன்னூர் வழி திறந்தது, 1899இல் ரயிலும் அந்தப் பள்ளத்தாக்கிலேயே குன்னூர் வரை ஏறியது, வாசலாக இருந்த ஊர் ஓரமாயிற்று. (ரயில் வராததால்தான் ஊர் தப்பியது என்று சொல்பவர்களும் உண்டு, எனக்கும் அந்தக் கட்சி பிடிக்கும்.)

வலுவான மறுப்பு வேறொன்று: ‘இன்று நல்ல சாலை இருக்கிறது, கைப்பேசி வரைபடம் நிமிடக் கணக்கில் தூரம் சொல்கிறது, சரிவும் காற்றும் இன்னும் எதற்கு?’ அந்த நிமிடக் கணக்கு சாலை திறந்திருக்கும் வரைதான். குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டிகளையெல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுகிறார்கள். அன்று ஊட்டிக்கே வாசல் கோத்தகிரிதான். யார் யாருக்கு அண்டை என்பது ஒரே இரவில் புரண்டுவிடுகிறது.

ஆகவே அந்த முதல் வாக்கியத்தை அடித்துவிடு. ‘தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே, மேட்டுப்பாளையத்துக்கு மேலே’ என்று தொடங்கு. வரைபடத்திலும் சாலைக்கு முன்பாக உயரக் கோடுகளை வரை. இரண்டாம் அத்தியாயத்தை ஐப்பசி மழைக்கு முன் அனுப்பிவிடு.

அன்புடன்,
அண்ணன்