பொங்கியடங்கும் பெருவிண்மீன்

பொங்கலன்று பானையில் பால் பொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். பொங்கி வழிந்த பால் சற்றே அடங்குகிறது. அடுப்பின் அனல் குறையாதிருப்பின் மீண்டும் பொங்குகிறது. வானத்திலும் இவ்வாறு பொங்கியடங்கும் விண்மீன்கள் உள. அவற்றுள் ஒன்றாகிய ஈட்டா கரினாவை நாம் மலாக்காவிலிருந்தே காணலாம்.

விண்மீன் என்பது வெப்பமிகு வாயுக் கோளம். ஈர்ப்பு விசை அவ்வாயுவை உள்நோக்கி இழுக்கிறது. உள்ளிருந்து எழும் வெப்பமும் ஒளியும் வெளிநோக்கித் தள்ளுகின்றன. நம் கதிரவனில் இவ்விரண்டும் சமனாய் நிற்கின்றன. அங்கே ஒளியின் அழுத்தம் மிகச் சிறிது. ஈட்டா கரினாவோ கதிரவனைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு நிறையும், 50 இலட்சம் மடங்கு ஒளியும் உடையது. அத்துணை ஒளி வெளியேறுங்கால், அதன் அழுத்தமே ஈர்ப்போடு போட்டியிடுகிறது. சமநிலை சற்றுப் பிறழினும் மேலடுக்குகள் விண்வெளியில் வீசப்படுகின்றன. பின்னர் விண்மீன் அடங்குகிறது. உள்ளனல் தணியாமையால் மீண்டும் பொங்குகிறது. ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை அதனைச் சுற்றிவரும் துணைவிண்மீனுக்கு இதில் உள்ள பங்கினை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.

1837 டிசம்பரில் ஜான் ஹெர்ஷல் என்பார் நன்னம்பிக்கை முனையிலிருந்து இவ்விண்மீன் திடீரெனப் பிரகாசித்ததைக் கண்டார். 1843இல் அஃது அகத்திய விண்மீனையும் விஞ்சி, சிரியஸ் விண்மீனுக்கு அடுத்த நிலையில் ஒளிர்ந்தது. அப்பெரும் பொங்கலில் பத்துக் கதிரவன்களுக்கும் மேற்பட்ட நிறை வெளியே வீசப்பட்டது. பிறகு மங்கி வெறுங்கண்ணுக்கு மறைந்தது. 1890ஆம் ஆண்டளவில் மீண்டும் சிறிது பொங்கியது. வீசப்பட்ட வாயு நகரும் வேகத்தைக் கணக்கிட்டோர், 13, 16ஆம் நூற்றாண்டுகளிலும் அது பொங்கியிருத்தல் வேண்டும் என்கின்றனர்.

சென்னையில் தலைமையாசிரியராய் இருந்து, மாநிலக் கல்லூரியின் முதல் முதல்வரான ஈ. பி. பவல் என்பாரும் இவ்விண்மீனின் ஒளியை நோக்கிக் குறித்து வைத்தார். பள்ளிப் பணியோடு அவர் எழுதிய குறிப்பு இன்றும் பயன்படுகிறது.

ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில், விளக்கொளி குறைந்த திடலில் தெற்கு நோக்கி நில்லுங்கள். தென்சிலுவைக்கு வலப்புறம், அடிவானுக்கு ஏறத்தாழ 28 பாகை மேலே, மங்கிய புள்ளியாய் அது தோன்றும். அருகிலுள்ள விண்மீன்களோடு அதன் ஒளியை ஒப்பிட்டு, தேதியிட்டு ஏட்டில் எழுதுங்கள். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 7,500 ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த பொங்கலின் ஒளி எந்த இரவில் வந்து சேருமென எவராலும் கூறவியலாது. அவ்விரவில் வானை நோக்கியிருக்கும் கண்கள் நம் தோட்டத்துப் பிள்ளையின் கண்களாகவும் இருக்கலாம் அன்றோ?