செடி செழித்தால் பாசிக்கு இடமில்லை: மீன் தொட்டிக்கு 16 குறிப்புகள்

கடையிலிருந்து வாங்கி வந்த அன்று பச்சைப்பசேல் என்று இருந்த தொட்டிச் செடி, ஒரே மாதத்தில் இலை பழுத்து, மேலெல்லாம் பாசி படிந்து நிற்கும். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கை சலித்துப்போய், பிளாஸ்டிக் செடிக்கு மாறியவர்கள் பலர். அதற்கு அவசியமே இல்லை. செடி, பாசி இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: வெளிச்சம், சத்து, கரியமில வாயு. செடி நன்றாக வளர்ந்தால் இவற்றை அதுவே எடுத்துக்கொள்ளும். செடி நலிந்தால் பாசி முந்திக்கொள்ளும். ஆகவே, பாசியை ஒழிக்கக் காட்டும் அக்கறையைச் செடியைத் தேற்றுவதில் காட்டுங்கள்.

1. நேரடி வெயில் படும் ஜன்னலோரத்தில் தொட்டியை வைக்காதீர்கள். வெயில் ஏற ஏற தண்ணீர் சூடாகும். சில நாட்களிலேயே பச்சைக் குழம்பாகவும் மாறிவிடும்.

2. பாசி வருவதற்கு முதல் காரணம் விளக்குதான். காலையில் போட்ட விளக்கைத் தூங்கப்போகும்போது அணைப்பது பல வீடுகளில் வழக்கம். செடிக்கு அவ்வளவு வெளிச்சம் தேவையில்லை. புதுத் தொட்டிக்கு 6 மணி நேரம், செடி பிடித்த பிறகு 8 மணி நேரம் போதும். சாதாரண பிளக் டைமர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் தினமும் ஒரே நேரத்தில் எரிந்து அணையும். விளக்கு வாங்கும்போது 6500 கெல்வின் அளவிலான வெள்ளை எல்.இ.டி.யாகப் பார்த்து வாங்குங்கள்.

3. 'முதலில் இரண்டு செடி வைப்போம், பிறகு பார்க்கலாம்' என்று தொடங்காதீர்கள். வெறுமையாகக் கிடக்கும் தொட்டியில் மிஞ்சும் சத்தெல்லாம் பாசிக்குத்தான் போகும். முதல் நாளே தரையில் பாதிக்கு மேல் நட்டுவிடுங்கள். ஹார்ன்வோர்ட், ஹைக்ரோஃபிலா, வாலிஸ்னேரியா போன்றவை விலையும் குறைவு, வேகமாகவும் வளரும். மெதுவாக வளரும் செடிகளைப் பிறகு சேர்க்கலாம்.

4. சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் செடி வாங்கினால், இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜெல்லி போன்ற சிறு திட்டு இருந்தால் அது நத்தை முட்டை, விரலால் வழித்துவிடுங்கள். பிறகு 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி படிகாரத் தூளைக் கரைத்து, 2 மணி நேரம் செடியை ஊறவைத்து, நன்றாக அலசிவிட்டுத் தொட்டியில் விடலாம்.

5. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் குறைந்த வெளிச்சத்திலேயே வாழும்; புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை. ஆனால் நடும் முறையில் தவறு நேர்ந்தால் பிழைக்காது. இவற்றின் அடியில் இஞ்சியைப் போலக் கிடைமட்டமாக ஒரு தடித்த தண்டு ஓடும். மற்றச் செடிகளைப் போல நினைத்து, என் முதல் அனுபியாஸை அந்தத் தண்டோடு மணலில் புதைத்தேன். மூன்று வாரத்தில் இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. தோண்டி எடுத்து அழுத்திப் பார்த்தால், தண்டு அழுகிய இஞ்சியாக விரலுக்குள் நசுங்கியது. தண்டு எப்போதும் மணலுக்கு மேலே, நீர் படும்படி இருக்க வேண்டும். கல்லிலோ மரக்கட்டையிலோ வைத்துத் தையல் நூலால் கட்டிவிடுங்கள். வேர் தானாகவே பற்றிக்கொள்ளும்.

6. கிரிப்டோகோரைன் வகைச் செடிகள் இடம் மாறியதும் இலை முழுவதும் கரைந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கரைந்த இலைகளை மட்டும் வெட்டிவிட்டு வேரைத் தொடாமல் விட்டால், சில வாரங்களில் புதுத் துளிர் வரும். நர்சரிகளில் பல செடிகளைத் தண்ணீருக்கு வெளியே வளர்க்கிறார்கள். அவையும் பழைய இலையை உதிர்த்து, நீருக்கு ஏற்ற புது இலையை விட்டுக்கொள்ளும்.

7. செடிக்கு என்ன குறை என்பதை இலையே சொல்லும். முதிர்ந்த இலை மொத்தமாக மஞ்சளானால் நைட்ரஜன் போதவில்லை. முதிர்ந்த இலையில் குண்டூசியால் குத்தியதுபோல் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம் குறைவு. புதுத் துளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து குறைவு. மீன் தொட்டிக்கென்று விற்கும் திரவ உரத்தைச் சொன்ன அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். மாடித் தோட்டத்துக்கு வாங்கிய யூரியா, டி.ஏ.பி. இரண்டையும் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவற்றிலிருந்து வரும் அம்மோனியா மீன்களைக் கொன்றுவிடும்.

8. வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். மெட்ரோ வாட்டரில் உள்ள குளோரின் போக ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வையுங்கள். அல்லது குளோரின் நீக்கும் மருந்தைச் சேருங்கள். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் செடிக்குத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் இருக்காது என்பதால், அதைக் குழாய்த் தண்ணீரோடு கலந்தே ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீர் வேண்டவே வேண்டாம். அதில் உப்பு மிக அதிகம்.

9. மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் தீனி போடுங்கள். அடியில் தங்கி அழுகும் தீனி பாசிக்கு உரமாகிவிடும்.

10. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள். அதில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள்தான் மீன் கழிவைச் செரிக்கின்றன. குளோரின் பட்டால் அவை இறந்துவிடும்.

11. பழுத்த இலையைக் கண்டதும் அடியோடு வெட்டிவிடுங்கள். பாசி முதலில் பிடிப்பது தளர்ந்த இலையைத்தான். தண்டுச் செடி உயர்ந்துவிட்டால் நுனியைக் கணுவுக்குக் கீழே வெட்டி, பக்கத்திலேயே மணலில் செருகுங்கள். ஒன்று இரண்டாகும்.

12. கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் பல செடிகள் வாடும். மூடியைத் திறந்து, ஒரு சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பை நோக்கி வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஆவியாகும் தண்ணீரை அவ்வப்போது ஈடுகட்ட மறக்காதீர்கள்.

13. எந்தப் பாசி என்று தெரிந்தால் வைத்தியம் எளிது.
புதுத் தொட்டியில் தூள்போல் படியும் பழுப்புப் பாசி சில வாரங்களில் தானாகவே போய்விடும், துடைத்தால் போதும்.
நூல் நூலாக வருவதை ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி இழுங்கள்; விளக்கு நேரத்தையும் குறையுங்கள்.
தண்ணீரே பச்சையாகிவிட்டால், தொட்டியைப் போர்வையால் மூடி மூன்று நாள் இருட்டில் வையுங்கள். அப்போது காற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.
நீலப்பச்சையாக ஏடுபோல் படர்ந்து துர்நாற்றம் வீசினால் அது பாசியே அல்ல, ஒருவகை பாக்டீரியா. குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, இதே இருட்டு வைத்தியத்தைச் செய்து, பிறகு தண்ணீரை மாற்றுங்கள்.

14. அனுபியாஸ் இலை விளிம்பிலும் கட்டையிலும் கறுப்புத் தாடிபோல் முளைக்கும் பாசிதான் பிடிவாதமானது. அதைத் தேய்த்தால் போகாது. செடியைக் கட்டையோடு வெளியே எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிரஷ்ஷால் பாசிமேல் மட்டும் தடவி, மூன்று நிமிடம் கழித்து நன்றாகக் கழுவித் திரும்ப வையுங்கள். புட்டியில் 6 சதவீதம் என்று போட்டிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஓரிரு நாளில் கறுப்பு, இளஞ்சிவப்பாக மாறினால் பாசி செத்துவிட்டது என்று அர்த்தம். மாஸ் வகைச் செடிகளுக்கும் வாலிஸ்னேரியாவுக்கும் இது ஆகாது.

15. தொட்டியின் மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மிதக்கும் செடி விடுங்கள். காற்றிலிருந்தே கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் அது வேகமாக வளர்ந்து, நீரில் மிஞ்சிய சத்தை உறிஞ்சிவிடும். அசோலா இதற்கு அவ்வளவாக உதவாது. அதற்கு வேண்டிய நைட்ரஜனைக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்ளும் வசதி அதனிடம் உண்டு.

16. பாசி தின்ன அமானோ இறால், நெரைட் நத்தை, ஓட்டோசிங்க்ளஸ் மீன் ஆகியவை நல்ல துணை. கடைக்காரர் தரும் 'சக்கர்' மீன் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து செடிகளையே பெயர்த்துவிடும், வேண்டாம்.

இவற்றில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, குறைந்தது இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெட்டிய செடியையும் வளர்க்க முடியாத மீனையும் ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். இன்று நம் நீர்நிலைகளை மூடிக் கிடக்கும் வெங்காயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாகத்தான் இங்கே வந்தது. வெட்டிய செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டி மண்ணில் போடுங்கள், அருமையான உரம்.