விருதுநகரில் சைக்கிள் பந்தயம், சிவகாசியில் பட்டாசு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள்: இரண்டு நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள். அதையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் பள்ளி மாணவர்களுக்கு அறிஞர் அண்ணா மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. ஓட்டுகிற பிள்ளைகளின் பெற்றோர், பி.டி. சார்கள், பந்தோபஸ்துக்கு நிற்கும் போலீஸ்காரர்கள் தவிர இதைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. டிக்கெட் கிடையாது, தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டிய கட்டாயமும் பெரிதாக இல்லை. சாலைப் பந்தயம் என்றால் என்னவென்று முதன்முதலாகப் பார்த்துப் பழக இதைவிட வசதியான இடம் அமையாது.

அதற்கு விருதுநகர் ஏன்? செப்டம்பரில் இந்தப் பக்கம் தீபாவளி வேலை உச்சத்தில் இருக்கும். பட்டாசுக் கடைகளில் சரக்கு நிறைந்திருக்கும், ஐப்பசி மழையும் பிடித்திருக்காது. காலையில் பந்தயம், மீதி நேரத்தில் ஊர் சுற்றல் என்று இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

படி 1: தேதியை உறுதி செய்யுங்கள்

பந்தயம் செப்டம்பர் 15 அன்றேதான் நடக்கும் என்று கணக்குப் போட்டு ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். அந்தத் தேதியை ஒட்டி மாவட்ட நிர்வாகம் ஒரு நாளைக் குறிக்கும். சில நாள் முன்னால்தான் செய்தித்தாளில் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அறிவிப்பு வரும். விருதுநகர் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்தில் கேட்டால் நாள், நேரம், புறப்படும் இடம் மூன்றையும் சொல்வார்கள். எந்தச் சாலை, எங்கே திரும்புகிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

படி 2: முதல் நாள் மாலையே வந்து சேருங்கள்

பந்தயம் அதிகாலையில் தொடங்கும். மதுரையிலிருந்து 50 கி.மீ.க்குள்தான் என்றாலும் காலையில் பஸ் பிடித்து வருவது வீண் பதற்றம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குத் திருநெல்வேலி வண்டிகள் பல விருதுநகர் சந்திப்பில் நிற்கும். பொதிகை எக்ஸ்பிரஸ் விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று இந்தப் பயணத்தின் ஊர்கள் வழியாகவே செங்கோட்டை போகிறது. திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அதில் ஏறிக்கொள்ளலாம். தங்குவதற்கு விருதுநகர் பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் பக்கம் லாட்ஜ்கள் உண்டு.

மாலையில் வந்து சேர்வதில் இன்னொரு லாபம், விருதுநகர் பொரிச்ச பரோட்டா. இங்கே கல்லின் நடுவே குழிவு இருக்கும், அதில் எண்ணெய் தேங்கி நிற்கும். விளிம்பில் வெந்த பரோட்டாவை நடுவுக்குத் தள்ளி, மொறுமொறுவென்று சிவக்கும்வரை எண்ணெயிலேயே கிடக்க விடுவார்கள். இலையில் வந்ததும் நொறுக்கிப் போட்டு சால்னாவை ஊற்ற வேண்டும். முழுக்க ஊற விடாதீர்கள், பாதி ஊறி பாதி மொறுகுவதுதான் ருசி. மறுநாள் விடியற்காலையில் எழ வேண்டும் என்பதையும் மறக்காமல் சாப்பிடுங்கள்.

படி 3: பந்தயத்தின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் மாணவர், மாணவியருக்குத் தனித்தனி ஓட்டம். ஆக, ஒரே காலையில் ஆறு பந்தயம். 13 வயதுப் பிரிவில் மாணவர்களுக்கு 15 கி.மீ., மாணவியருக்கு 10. மற்ற இரு பிரிவுகளிலும் மாணவர்களுக்கு 20, மாணவியருக்கு 15. முதல் மூன்று பரிசுகள் 5,000, 3,000, 2,000 ரூபாய். பத்தாம் இடம் வரை சிறு தொகை உண்டு.

இந்தியாவில் தயாரான, சாதாரண ஹேண்டில்பார் உள்ள சைக்கிளைத்தான் ஓட்ட வேண்டும், கியர் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிளிலும் இறங்கலாம். அப்பா வாங்கிக் கொடுத்த விலை உயர்ந்த வண்டி இங்கே செல்லாது. தொடையும் மூச்சும்தான் செல்லும்.

20 கி.மீ.யை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 40 நிமிடம். அந்த 40 நிமிடமும் ஒருவரே முன்னால் போனால் அவர் ஜெயிப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் போகிறவர்தான் எதிர்காற்று முழுவதையும் வாங்குகிறார். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு அந்த எதிர்ப்பு நன்றாகக் குறைகிறது. கரிசல் காட்டுச் சாலையில் காற்றைத் தடுக்க மரமும் கட்டடமும் குறைவு என்பதால் இந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். விவரமான பிள்ளை பின்னாலேயே ஒதுங்கி வந்து, கடைசி சில நூறு மீட்டரில் விலகி முந்தும். பெரிய பந்தயங்களின் சூத்திரமும் இதேதான்.

படி 4: எங்கே நிற்பது?

புறப்படும் இடத்தில் கூட்டமும் கொடியசைப்பும்தான் பார்க்கக் கிடைக்கும். போய்த் திரும்பி வருகிற பாதையாக இருந்தால், முதல் ஓட்டங்களைத் திரும்பும் இடத்தில் நின்று பாருங்கள். வேகத்தில் வருகிற கும்பல் பிரேக் பிடித்து, ஒரு காலைத் தரையில் உரசி, வண்டியை வளைத்து, எழுந்து நின்று மறுபடி மிதிக்கும். யாரிடம் தெம்பு மிச்சம் இருக்கிறது, யார் மூச்சு வாங்குகிறார் என்பது அந்த இடத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். கடைசி ஓட்டங்களுக்கு முடிவுக் கோட்டுக்கு வந்துவிடுங்கள்.

சில ஒழுங்குகள்:

- ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டாம். முதல் கும்பல் போனதும் பாதை காலி என்று நினைப்பது தவறு, பின்தங்கியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.
- பைக்கில் பக்கத்திலேயே போய் வீடியோ எடுக்காதீர்கள். பிள்ளை திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடும்.
- தொப்பி, தண்ணீர் அவசியம். எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும்.
- கடைசியாக வருகிற பிள்ளைக்கும் கை தட்டுங்கள்.

படி 5: பந்தயம் முடிந்ததும் காமராஜர் வீடு

குளித்து, டிபன் முடித்து, சுலோச்சன நாடார் தெருவில் உள்ள காமராஜர் நினைவு இல்லத்துக்குப் போங்கள். சின்ன வீடு, அரை மணி நேரம் போதும். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்தவரின் வீடு இவ்வளவுதானா என்று தோன்றும். சைக்கிள் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: காமராஜர் பிறந்தது 1903 ஜூலை 15. முதல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் நடந்தது அதே ஆண்டு ஜூலை 1 முதல் 19 வரை. ஒரு பத்திரிகை தன் விற்பனையைக் கூட்ட ஆரம்பித்த அந்தப் பந்தயம் நடந்துகொண்டிருந்தபோதுதான், அன்று விருதுபட்டி என்று பெயர் கொண்டிருந்த இந்த ஊரில் இவர் பிறந்தார்.

படி 6: மாலையில் சிவகாசி

விருதுநகரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் சிவகாசி. இந்த ஊரின் தொழில் கதை 1920களில் தொடங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு, லேபிளுக்காக அச்சகம் என்று ஒன்றையொன்று இழுத்து வந்தது. ஆடிப்பெருக்கில் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும், செப்டம்பரில் ஆர்டர்கள் அச்சேறிக்கொண்டிருக்கும்.

பட்டாசு ஆலையைச் சுற்றிப் பார்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். கூடாது. ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும் சின்னச் சின்ன அறைகளில்தான் மருந்து வேலை நடக்கும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததுக்குத் தாவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. அப்படியும் உயிர்ப்பலி நிற்கவில்லை. வேடிக்கை பார்க்கும் இடமல்ல அது. கடைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

- பெட்டியில் அச்சிட்ட விலையில் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று பார்க்காதீர்கள். அந்த விலையே ஏற்றிப் போட்டதாக இருக்கலாம். கைக்கு வரும் விலையை இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிடுங்கள்.
- பசுமைப் பட்டாசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.
- ரயிலில் பட்டாசு கொண்டுபோவது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்தே விதிக்க 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் இடமுண்டு. பஸ்ஸிலும் ஏற்றக் கூடாது. பார்சல் லாரியில் போட்டுவிட முடியுமா என்று கடையிலேயே கேளுங்கள். முடியாதென்றால் சாத்தூர் காராச்சேவு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

படி 7: இரண்டாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர்

சிவகாசியிலிருந்து 20 கி.மீ. காலையிலேயே போய்விடுங்கள், மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். 11 நிலை, 192 அடி ராஜகோபுரத்தைத் தெருமுனையில் நின்று முழுசாகப் பாருங்கள். தமிழ்நாடு அரசு முத்திரையில் உள்ளது இந்தக் கோபுரம் என்றே ஊரார் பெருமையோடு சொல்வார்கள். உள்ளே ஆண்டாளின் இடக்கையில் உள்ள கிளியைக் கவனியுங்கள், இலைகளால் நாள்தோறும் புதிதாகக் கட்டுவது அது. புரட்டாசியில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகும். உங்கள் பயணம் அந்த நாளோடு ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்.

கோயிலைச் சுற்றி பால்கோவா கடைகள். பாலும் சர்க்கரையும் மட்டுமே சேரும் இந்த இனிப்புக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இளஞ்சூட்டில் ஐம்பது கிராம் வாங்கி அங்கேயே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாங்குங்கள்.

ருசி பிடித்துப்போனால்

அடுத்த கட்டம் தொழில்முறைப் பந்தயம். 2026 ஜனவரியில் புனேயைச் சுற்றி 437 கி.மீ. தூரம், பல நாள் ஓடிய புனே கிராண்ட் டூர், சர்வதேச சைக்கிள் சங்கத்தின் 2.2 தரத்தில் நடந்தது. அங்கேயும் சாலையோரம் நிற்கக் காசில்லை. கும்பல் உங்களைக் கடக்கச் சில விநாடிதான் ஆகும் என்பதால், மேடு அல்லது கூர்மையான வளைவு பார்த்து இடம் பிடியுங்கள். யார் யார் பின்னால் ஒதுங்குகிறார், எப்போது விலகுகிறார் என்று பார்க்க விருதுநகரில் பழகிய கண்ணுக்கு அந்தச் சில விநாடி தாராளம்.