தூக்கிய பிக்கப்பில் ஸ்டீயரிங் உதறுகிறதா?

புதுச்சேரியில் பிக்கப்பைத் தூக்குவதில் இரண்டு வகை உண்டு. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏற்றும் வண்டிக்கும், தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் ஓடும் பொலிரோ, தோஸ்த் வண்டிகளுக்கும் பாரம் தாங்கட்டும் என்று பின்னால் கூடுதல் பட்டை போடுவது ஒன்று. வி-கிராஸ் போன்ற வண்டிக்கு லிஃப்ட் கிட் வாங்கி நாலு பக்கமும் உயர்த்தி, பெரிய டயர் மாட்டி அழகு பார்ப்பது இன்னொன்று. வேலை முடிந்த பிறகு இரண்டிலும் வரும் புகார் ஒன்றுதான்: ஸ்டீயரிங் உதறுகிறது. உடனே டை ராடு, பால் ஜாயின்ட் என்று சாமான் வாங்க ஓடாதீர்கள். காசு செலவில்லாத சோதனைகளே பாதிக் கோளாறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1. உதறல் எப்போது வருகிறது என்று கவனித்து எழுதி வையுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, அதைத் தாண்டினால் அடங்குகிறதா? சக்கர பேலன்ஸைச் சந்தேகியுங்கள். பிரேக் மிதித்தால் மட்டும் வருகிறதா? டிஸ்க் கோணியிருக்கலாம். 20, 30 கி.மீ. வேகத்திலேயே வண்டி இடமும் வலமும் அசைந்தாடுகிறதா? டயர் புடைத்திருக்கும், அல்லது ரிம் வளைந்திருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் பிடிக்கு அடங்காமல் ஆடினால் அது வேறு சமாசாரம்; 7, 12ஆம் குறிப்புகளைப் பாருங்கள்.

2. ஆட்டம் கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? கையில் என்றால் பெரும்பாலும் முன் சக்கரங்கள். இருக்கையிலும் தரையிலும் என்றால் பின்பக்கம். ஆட்டத்தின் வேகமும் துப்பு கொடுக்கும். 80 கி.மீ. வேகத்தில் பிக்கப்பின் சக்கரம் நொடிக்கு ஒன்பது, பத்து சுற்று சுற்றும். பின் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்டோ ஏறக்குறைய அதைப்போல் நான்கு மடங்கு சுற்றும். ஆகவே, தடதடவென்ற உதறல் சக்கரத்துடையது. கிர்ரென்ற அதிர்வு ஷாஃப்டுடையது.

3. மிஷன் வீதியிலும் நேரு வீதியிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். அங்கே போகும் வேகத்தில் பேலன்ஸ் கோளாறு தலைகாட்டாது. நெரிசல் இல்லாத காலை நேரத்தில் திண்டிவனம் நான்கு வழிச் சாலைக்குக் கொண்டுபோய் 60, 70, 80 என்று படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். சரக்கு வண்டிக்கு அங்கே உச்ச வரம்பே 80தான். அதற்கு மேல் சோதிக்கத் தேவையுமில்லை. வெறும் வண்டியாக ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை ஓட்டுவது முக்கியம்.

4. வீல் நட்டை மறுபடி முடுக்கினீர்களா? சக்கரம் கழற்றி மாட்டிய வண்டிக்கு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் இதைச் செய்தே ஆக வேண்டும். எதிரெதிர் நட்டாக, டார்க் ஸ்பானரால் முடுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி இறுக்கினால் டிஸ்க்கே கோணிப்போகும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: உப்புக்காற்று. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் அதற்குத் துணை. ஹப் முகத்தில் துரு திட்டாகப் படிந்திருந்தால் சக்கரம் சமமாக உட்காராது. எத்தனை தடவை பேலன்ஸ் பண்ணினாலும் ஆட்டம் போகாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

5. முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றுங்கள் (நாலும் ஒரே அளவாக இருந்தால்). ஆட்டம் கையிலிருந்து இருக்கைக்கு நகர்ந்தால் குற்றவாளி டயரோ ரிம்மோதான். ரிம்மின் உள்பக்கம் காய்ந்து ஒட்டிய சேற்றையும் பாருங்கள். ஒரு கைப்பிடி மண் போதும் பேலன்ஸைக் கெடுக்க.

6. பெரிய டயர் மாட்டியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 245/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ.; 265/75 ஆர்16 சுமார் 804 மி.மீ. ஏழு சதவீதத்துக்கு மேல் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 86 அளவில் போகும். டயரின் எடையும் கூடுவதால், பழைய டயரில் தெரியாமல் இருந்த சின்னத் தேய்மானம்கூட இப்போது கைக்கு வந்து சேரும். வண்டியைத் தூக்கியதால் மூட்டு கெட்டது என்று பலர் நினைப்பார்கள். ஏற்கெனவே தேய்ந்திருந்த மூட்டைப் புது டயர் காட்டிக்கொடுத்தது என்பதே பல நேரம் உண்மை.

7. ஜாக்கி சோதனை. பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, கீழே முட்டு கொடுத்த பிறகே கை வையுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பிளே தெரிகிறதா? வீல் பேரிங், பால் ஜாயின்ட், பழைய ரக வண்டியில் கிங்பின், மூன்றில் ஒன்று. இப்போது ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பிளே மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் மற்றவை. அடுத்து, சக்கரத்தின் இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். அதில் பிளே இருந்தால் டை ராடு முனைகளைப் பாருங்கள். கடைசியாக வண்டியைத் தரையில் இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் திருப்ப, நீங்கள் வெளியே நின்று மூட்டு மூட்டாகக் கவனியுங்கள். அசைவு எந்த மூட்டில் தாமதமாகிறதோ, அதுதான் ஆள்.

8. பின்னால் பட்டை கூட்டியவர்களுக்கு. 'வேலை செய்தது பின்னால்தானே, முன்னால் ஏன் ஆடுகிறது?' என்று கேட்பார்கள். முன் சக்கரம் திரும்பும் அச்சு, மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்குக் கேஸ்டர் என்று பேர். சைக்கிளின் முன் ஃபோர்க்கிலும் அதே சாய்வுதான். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவது இதனால். வீல்பேஸ் 3 மீட்டர் உள்ள வண்டியின் பின்பக்கத்தை 5 செ.மீ. உயர்த்தினால் முழு வண்டியும் ஏறக்குறைய ஒரு டிகிரி முன்னோக்கிக் கவிழும். கேஸ்டரில் அதே ஒரு டிகிரி போய்விடும். மொத்தமே இரண்டு, மூன்று டிகிரி உள்ள வண்டியில் இது சின்ன இழப்பல்ல. பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி, சாய்வு பழைய நிலைக்கு வரும். சரக்கை இறக்கிவிட்டு விழுப்புரத்திலிருந்து வெறும் வண்டியாகத் திரும்பும்போது மட்டும் ஸ்டீயரிங் லேசாகி அலைபாய்கிறது என்றால், காரணம் இதுவாகத்தான் இருக்கும். கூட்டிய பட்டையில் ஒன்றைக் குறைப்பதே நல்ல வைத்தியம். முன்னாலும் பட்டை உள்ள வண்டியென்றால், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே சரிவான ஆப்புத் தகடு வைத்துச் சாய்வை மீட்கலாம். பட்டை போட்ட இடத்தில் யூ போல்ட்டுகளையும் சென்டர் போல்ட்டையும் சில நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். பழைய யூ போல்ட்டையே திரும்ப மாட்டியிருந்தால் புதிது போடுங்கள்.

9. முன்பக்கம் உயர்த்தியவர்கள் அலைன்மெண்டை மறுபடி பார்க்க வேண்டும். 'பார்த்தாச்சு சார்' என்ற பதில் போதாது. கேஸ்டர், கேம்பர், டோ மூன்றும் எண்ணாக அச்சான தாளைக் கேட்டு வாங்குங்கள். டோவை மட்டும் திருத்திவிட்டு அனுப்பும் கடைகள் நிறைய. கேஸ்டர் வரம்புக்குள் வரவே மறுத்தால், தூக்கிய உயரம் அந்த வண்டிக்கு அதிகம்.

10. வேகம் கூட்ட மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்தால் நின்றால் ஷாஃப்டின் கோணம் மாறியிருக்கும். கிராஸையும் சென்டர் பேரிங்கையும் பாருங்கள்.

11. 'ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்பார்கள். ஆட்டம் குறையும், நோய் உள்ளேயே இருக்கும். தேய்ந்த மூட்டை மாற்றிய பிறகு வேண்டுமானால் போடுங்கள்.

12. ஓடும்போது திடீரென ஸ்டீயரிங் கடுமையாக ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். இரு கையாலும் உறுதியாகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாக இறங்கவிட்டு ஓரம் கட்டுங்கள். இந்த ஆட்டம் ஒற்றை அச்சு முன்பக்கம் உள்ள, பழைய மஹிந்திரா ஜீப் ரக வண்டிகளில் அதிகம். அடங்கிவிட்டதே என்று அதே வண்டியில் காரைக்கால் வரை போகவேண்டாம், பட்டறைக்குப் போங்கள்.

13. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் இதை உறுதியாகவே சொன்னது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். ஆகவே கழற்றிய பழைய ஸ்பிரிங், பட்டை, ஷாக் அப்சார்பர் எதையும் எடைக்குப் போடாமல் வாங்கிவந்து வையுங்கள். பழைய உயரத்துக்கே திரும்ப வேண்டியிருந்தால் புதிதாகக் காசு அழ வேண்டாம்.