நூலால் ஆகும் விமானம்
கார்பன் இழைக் கூட்டுப் பொருளின் அனுகூலங்களும் அளவும்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அன்றைய நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், “கார்பன் நூல் நெசவுக்கென நான்கு தறிகளை மாற்றியமைக்கக் கடன் பெறுதல்” என்று ஒரு பொருள் இருந்தது. தரகர் ஒருவர் வந்து, இனி விமானமும் காரும் இத்துணியால்தான் ஆகும் என்றும், முந்திக் கொள்பவருக்கே லாபம் என்றும் சொல்லிச் சென்றாராம். வயதில் மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, “ஐயா, நூலால் விமானம் செய்வது மெய்யா, கதையா? மெய்யானால் நாம் ஏன் நெய்யக் கூடாது?” என்று கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகளே. தீர்மானத்தை அடுத்த கூட்டத்திற்கு ஒத்தி வைக்கும்படி கேட்டுக் கொண்டு, இப்பொருளைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதுவதாகவும் வாக்களித்தேன்.

கூட்டுப் பொருள் என்பது யாது?

மண் சுவர் எழுப்பும்போது சேற்றில் வைக்கோலைக் கலந்து மிதிப்பதை நம் விவசாயிகள் அறிவர். சேறு மட்டும் இருந்தால் வெடிக்கும். வைக்கோல் மட்டும் இருந்தால் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் சுவராகிறது. இவ்வாறு இரு பொருள்கள் தத்தம் இயல்பை இழக்காமல் இணைந்து, தனித்தனியே செய்ய இயலாததைச் செய்வதே கூட்டுப் பொருள். இங்கு வைக்கோலின் இடத்தில் கார்பன் இழையும், சேற்றின் இடத்தில் எபாக்ஸி போன்ற பிசினும் இருக்கின்றன. பாரத்தைச் சுமப்பது இழை. இழைகளை இடம் பெயராமல் பிடித்து, ஒன்றின் மீதுள்ள பாரத்தை அடுத்ததற்குப் பகிர்ந்தளிப்பது பிசின்.

நூல் பிறக்கும் வகை

நூலைக் கரியாக்குவது புதிய யோசனையன்று. 1879-ல் எடிசன் தம் மின்விளக்கிற்குப் பருத்தித் தையல் நூலைக் கரியாக்கிப் பயன்படுத்தினார். பின்னர் மூங்கில் நாரைக் கையாண்டார். ஆனால் அவை வலுவற்றவை. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் ஒசாகா நகரத்து அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் அகியோ ஷிண்டோ என்பவர் அக்ரிலிக் நூலிலிருந்து கார்பன் இழை எடுத்தார். ஸ்வெட்டரும் கம்பளமும் செய்ய உதவும் அதே அக்ரிலிக் இனந்தான் அது. அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தார், சூடேறும்போது நூல் சுருங்காதபடி இழுத்துப் பிடித்தால் அதன் வலிமை பெருகுவதைக் கண்டனர்.

இன்றைய முறையும் அதுவே. நூலை முதலில் காற்றுள்ள அடுப்பில் 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்குவர். பின்னர் பிராண வாயு புகாத, நைட்ரஜன் நிறைந்த உலையில் 1,000 டிகிரிக்கு மேல் வைப்பர். மூடிய சூளையில் விறகு சாம்பலாகாமல் கரியாவது போன்றதே இது. முடிவில் நூலின் எடையில் ஏறக்குறைய பாதியே மிஞ்சும். ஓர் இழையின் பருமன் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அளவே. இவற்றில் 3,000 அல்லது 12,000 இழைகளைச் சேர்த்து ஒரே கற்றையாகச் சுற்றி விற்பனைக்கு அனுப்புகின்றனர். 1971-ல் இதை வியாபார அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய ஜப்பானின் டோரே நிறுவனம், 1926-ல் ரேயான் நூல் ஆலையாகப் பிறந்தது என்பது நாம் கவனிக்கத்தக்கது.

அனுகூலங்கள்

முதலாவது, எடைக் குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு சுமார் 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம்; கார்பன் கூட்டுப் பொருள் சுமார் 1.6 கிராம். அதே பாரத்தைத் தாங்கும் பாகத்தை இதனால் செய்தால் எடை பெரிதும் குறையும்.

இரண்டாவது, துரு ஏறாமையும், ஓயாத அதிர்வைப் பொறுக்கும் தன்மையும். 2011-ல் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பு எடையில் சுமார் 50 சதவீதமும், 2015-ல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 53 சதவீதமும் கூட்டுப் பொருள்களே. வழக்கமாகப் பயணிகள் அறையில் 8,000 அடி உயரத்திற்கு ஒப்பான காற்றழுத்தம் வைக்கப்படும். 787-ல் அது 6,000 அடி உயரத்திற்கு ஒப்பானது. காற்றில் ஈரமும் சற்றுக் கூடுதல். உடல் துருப்பிடிக்காது, அழுத்தத்திற்கு எளிதில் களைக்காது என்பதாலேயே இது கைகூடிற்று.

மூன்றாவது, இணைப்புகள் குறைதல். அலுமினியத் தகடுகளை ஆயிரக்கணக்கான ஆணிகளால் பிணைப்பதற்குப் பதிலாக, இழை நாடாவை அச்சின் மேல் சுற்றி, விமான உடலின் ஒரு பகுதி முழுவதையும் ஒரே குழாயாக ஆக்க முடிகிறது.

நான்காவது, விபத்தில் காக்கும் ஆற்றல். 1981-ல் மெக்லாரன் பந்தயக் காருக்கு முதன்முதலாகக் கார்பன் கூடு அமைக்கப்பட்டது. அவ்வாண்டே மோன்சா பந்தயத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய கார் மோதி, இயந்திரப் பகுதி பிய்த்துக் கொண்டு போயிற்று. ஓட்டியவரோ கூட்டிலிருந்து இறங்கி நடந்து சென்றார்.

நூலின் இயல்பு

இனி, நெசவாளர் எவரும் எளிதில் உணரக்கூடிய ஓர் உண்மை. நூல் இழுத்தால் தாங்கும், தள்ளினால் மடங்கும். பிசினில் தோய்ந்த பின்னும் இவ்வியல்பு முற்றிலும் மறைவதில்லை.

2014-ல் வெளிவந்த டொயோட்டா மிராய் காரில் ஹைட்ரஜன் வாயுவை அடைக்கும் கலம் கார்பன் இழையால் சுற்றப்பட்டது. தாரில் நூல் சுற்றுவது போன்ற வேலை. உள்ளிருக்கும் வாயு காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு அழுத்தத்துடன் வெளியே தள்ளுகிறது. அப்போது சுற்றிய இழை ஒவ்வொன்றும் இழுபடுகிறது. இழைக்கு ஏற்ற வேலை அது. இதற்கு மாறாக, 2023 ஜூன் மாதம் டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காணச் சென்ற டைட்டன் என்னும் நீர்மூழ்கிக் கலத்தின் உடலும் கார்பன் இழையால் சுற்றப்பட்டதே. அங்கு கடல் நீர் வெளியிலிருந்து அமுக்கிற்று. கலம் நொறுங்கி, உள்ளிருந்த ஐவரும் மாண்டனர். அதன் உடல் அடுக்குகளில் சுருக்கங்களும் வெற்றிடங்களும் இருந்தமை விசாரணையில் தெரிந்தது. பொருள் ஒன்றே, வேலையும் செய்நேர்த்தியும் வேறு.

மற்றுமொன்று. பாவும் ஊடையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்குவதால் நூல் சிறிது வளைகிறது. வேட்டியில் இதனால் குற்றமில்லை. கார்பன் இழையிலோ, வளைந்த இடத்தில் வலிமை குறைகிறது. ஆகையால் பல பாகங்களுக்கு நெய்த துணியை விட்டு, இழைகளை நேராக வரிசையாய்ப் படுக்க வைத்து மெல்லிய நூலால் தைத்த விரிப்பையோ நாடாவையோ பயன்படுத்துகின்றனர். சாதா நெசவும் ட்வில்லும் சாட்டினும் வளைந்த அச்சில் படிய வேண்டிய பாகங்களுக்கு இன்றும் உதவுகின்றன. எனவே, “எல்லாம் துணியால்தான்” என்பது முழு உண்மையன்று.

பிரதிகூலங்கள்

1970-ல் ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் தன் புதிய விமான இயந்திரத்தின் முன் விசிறிக்குக் கார்பன் இழை அலகுகளைச் செய்தது. பறவை மோதினால் தாங்குமா என்ற சோதனையில் அவை சிதறின. டைட்டானியம் உலோகத்திற்கு மாற வேண்டியதாயிற்று. அந்த இயந்திரத்தின் செலவு கைமீறி, 1971 பிப்ரவரியில் நிறுவனமே நொடித்தது. கார்பன் அலகின் தோல்வி அதற்கு ஒரு காரணம். ஆயினும் முயற்சி வீணாகவில்லை. 1995-ல் சேவைக்கு வந்த ஜிஇ90 இயந்திரத்தின் விசிறி அலகுகள் கார்பன் இழையாலானவையே. ஆனால் மோதலை ஏற்கும் முன் விளிம்பில் டைட்டானியம் பொருத்தப்பட்டது. துணிக்குக் கரையை அழுத்தமாக நெய்வது போன்ற ஏற்பாடு என்று கொள்ளலாம்.

வேறு குறைகளும் உண்டு. உலோகம் அடிபட்டால் நசுங்கிக் காட்டும். இதிலோ வெளியே வடுவின்றி உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக் கூடும். ஈரம் உள்ள இடத்தில் அலுமினியத்தைத் தொட்டுக் கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். பழைய இரும்பை உருக்குவது போல், இறுகிய பிசினை மீண்டும் உருக்க முடியாது.

வரவும் செலவும்

கார்பன் இழையின் விலை எஃகின் விலையைப் போல் பன்மடங்கு. விமானம் பல்லாண்டுகள் நாள்தோறும் பறப்பதால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒவ்வொரு பயணத்திலும் எரிபொருளை மிச்சப்படுத்தி, கொடுத்த விலையை மீட்டுத் தருகிறது. 787 தான் மாற்றிய பழைய விமானங்களைவிடச் சுமார் 20 சதவீதம் குறைந்த எரிபொருளில் பறப்பதாகச் செய்தவர்கள் கூறுகின்றனர். அதில் புதிய இயந்திரங்களுக்கும் பங்குண்டு.

காரின் கணக்கு வேறு. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2013-ல் ஐ3 என்னும் மின்சாரக் காரின் பயணிகள் கூட்டைக் கார்பன் இழையால் செய்தது. அதற்கான அக்ரிலிக் நூல் ஜப்பானில் இழுக்கப்பட்டு, அமெரிக்காவில் மலிவான நீர்மின்சாரம் கிடைக்கும் மோசஸ் லேக் என்னும் ஊரில் கரியாக்கப்பட்டு, ஜெர்மனியில் விரிப்பாகிக் காராயிற்று. சுமார் 2,50,000 கார்கள் செய்யப்பட்ட பின், 2022-ல் அதன் உற்பத்தி நின்றது. பெருவாரியான கார்களுக்கு இன்றும் எஃகும் அலுமினியமுமே ஆதாரம்.

நமது சங்கங்களுக்கு

பெரியவரின் முதற் கேள்விக்கு விடை, “மெய்தான்” என்பது. இரண்டாவதற்கு விடை சங்கத்தார் சொல்ல வேண்டியது. இந்த நூல் உராய்ந்தால் முறியும். முறிந்த துகள் மின்சாரத்தைக் கடத்துமாதலால் மோட்டாரிலும் சுவிட்சிலும் புகுந்து கேடு செய்யும். சாதாரணத் தறியைச் சிறிது திருத்தி நெய்துவிடலாம் என்பது எளிதன்று. வாகனப் பாகத்திற்கு வாங்குவோர் ஒவ்வொரு சுருளுக்கும் சோதனைச் சான்று கேட்பர். ஆகையால், தீர்மானத்திற்குக் கை தூக்குமுன் அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டுகிறேன்.

1. துணியை வாங்குபவர் யார்? எவ்வளவு, என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுத்தில் ஒப்புக் கொண்டிருக்கிறாரா?

2. நூலை யார் தருவர்? சேதத்தை யார் ஏற்பர்? சோதனைச் செலவு யாருடையது?

3. வேலை நின்றுவிட்டால் அந்த நான்கு தறிகளில் மறுபடியும் பருத்தி நெய்ய முடியுமா? கடன் தவணையை எதிலிருந்து கட்டுவது?

இவற்றிற்குத் தரகர் எழுத்தில் விடை தருவாரானால் பொதுக் குழு ஆலோசிக்கலாம். வாய் வார்த்தையை நம்பிச் சங்கத்தின் சேம நிதியைத் தொடுவது தகாது. அடுத்த கூட்டத்திற்கு நானும் வருவேன். தரகரையும் அழைத்திருக்குமாறு காரியதரிசியைக் கேட்டுக் கொண்டிருக்கிறேன்.